பழைய நாளிதழில் ஓர் அலங்காரக் கிண்ணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் சேர்ந்துவிட்ட நாளிதழ்களை ஊறவைத்து அரைத்து, மைதாப் பசை கலந்து, வரவேற்பறையில் வைப்பதற்காக அகலமான கிண்ணம் ஒன்று செய்தேன். காய்ந்தபோது அடிப்பகுதியைச் சுற்றி விரிசல் விட்டது. வண்ணம் பூசிய பிறகு உட்புறத்தில் பூஞ்சணமும் படர்ந்துவிட்டது. மீண்டும் செய்தால் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? (வாசகி, தேனி)

பதில்: விரிசலுக்கும் பூஞ்சணத்துக்கும் காரணம் ஒன்றுதான்: கூழில் தங்கிவிட்ட தண்ணீர். காகித நார்கள் தண்ணீரில் ஊதிப் பெருத்து, காயும்போது சுருங்குகின்றன. அடிப்பகுதி தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருந்தால் ஓரம் முதலில் சுருங்கி இறுகிவிடும். பின்னால் சுருங்கும் அடிப்பகுதி அதை இழுப்பதால், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுகிறது. ஆகவே கிண்ணம் முழுவதும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே சீராகப் பூசுங்கள். இன்னும் கனம் வேண்டுமென்றால், முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவதைப் பூச வேண்டும்.

காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்துப் போடுங்கள். கிழிந்த ஓரங்களில் நார் பிரிந்து நிற்பதால் தண்ணீர் எளிதில் ஏறும். வார இதழ்களின் வழவழப்பான அட்டைகளைச் சேர்க்க வேண்டாம். அவற்றின் மேல் பூசப்பட்டிருக்கும் வெண்களிமண் போன்ற பூச்சு, நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைத் தடுக்கிறது. ஓர் இரவும் பகலும் ஊறிய காகிதத்தை ஆட்டுக்கல்லிலோ பழைய மிக்ஸி ஜாரிலோ தண்ணீர் தாராளமாக விட்டு அரைத்து, பருத்தித் துணியில் கட்டி, இனிச் சொட்டு நீர்கூட வராது என்னும் அளவுக்குப் பிழிந்துவிடுங்கள்.

மைதாவுக்குப் பதிலாக வெந்தயத்தைப் பயன்படுத்துமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். மூங்கில் முறத்திலும் கூடையிலும் இடுக்கு வழியாகத் தானியம் சிந்தாமலிருக்க, வெந்தயமும் காகிதமும் சேர்த்தரைத்து மெழுகிய வழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதானே! கால் கிலோ காகிதத்துக்கு ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவே ஊறவைத்து நன்றாக அரைத்தால், அதிலுள்ள பிசின் கூழைப் பற்றிக்கொள்ளும். பூஞ்சணம் வராமலிருக்க, சுவரொட்டிப் பசையில் சேர்ப்பதுபோல் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்; அது நஞ்சு, குழந்தைகள் புழங்கும் வீட்டுக்கு ஏற்றதன்று. வெந்தயம் சேர்த்தாலும் ஈரம் தங்கினால் பூஞ்சணம் வரத்தான் செய்யும்.

உலர்த்தும் முறையில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் தடவிக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் கூழைப் பூசி, முதல் நாள் காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். எடுத்தவுடன் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளீரம் வெளியேற வழியில்லாமல் போகும். வெளிப்புறம் உறுதியானதும் பாத்திரத்திலிருந்து கழற்றி, உட்புறம் மேலே தெரியும்படி வெயிலில் வையுங்கள். பிறகு கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள், வண்ணத்தைத் தொட வேண்டாம். கொலுவுக்கான காகிதக்கூழ் பொம்மை செய்யும் கைவினைஞர்கள் பொம்மையின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனி அச்சில் மெல்லிய ஓடாக எடுத்து, காயவைத்த பிறகே ஒட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் காற்றுப்பட வேண்டும் என்னும் நுட்பம் அதில் இருக்கிறது.

கேள்வி: இப்படிச் செய்த கிண்ணத்தில் முறுக்கு, மிக்சர் வைத்து விருந்தினருக்குக் கொடுக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. அச்சு மை உணவில் கலக்கும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லும் 2023-லும் அறிவுறுத்தியிருக்கிறது. அரைத்துவிட்டதால் மை போய்விடுவதில்லை. சாவிக்கொத்து, வளையல், நூல்கண்டு ஆகியவற்றுக்கு இந்தக் கிண்ணம் மிகப் பொருத்தமானது.

கேள்வி: கிண்ணம் நன்றாக வந்தாலும், வண்ணங்களும் தூரிகைகளும் வாங்கப் போனால் சிக்கனம் என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. குறைந்த செலவில் அழகுபடுத்த வழியுண்டா? (வாசகி, காரைக்குடி)

பதில்: இரண்டே நிறங்கள் போதும் என்பது என் கருத்து. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காவிக்கட்டியைப் பொடித்துச் சலித்து, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீருடன் குழைத்துப் பூசினால், மார்கழி வாசலின் செம்மண் நிறம் கிடைத்துவிடும். அதற்கு முன்பு சாக்பீஸ் தூளையும் அதே பசையையும் கலந்து மெல்லப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். மேடுபள்ளம் மறைந்து நிறம் சீராகப் பிடிக்கும். காவியின் மேல், வீட்டில் மிஞ்சிய வெள்ளைச் சுவர்ப்பூச்சைத் தொட்டு, தீக்குச்சி முனையால் புள்ளி வைத்துக் கோலம் இழுங்கள். கையில் கோலம் பழகியவர்களுக்குத் தூரிகையே தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் வண்ணம் ஈரக்கை பட்டால் கரைந்துவிடும்; அதைப் பயன்படுத்தினால் மேலே வார்னிஷ் பூசாமல் விடக்கூடாது.

கேள்வி: கொட்டாங்குச்சியில் துளைகளிட்டு, உள்ளே அகல் ஏற்றித் தொங்கவிட விரும்புகிறேன். பாதுகாப்பானதா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: தொங்கும் கொட்டாங்குச்சிக்குள் சுடர் வேண்டாம். கொட்டாங்குச்சி நன்றாக எரியக்கூடியது. அதன் கரியை இட்டுத்தான் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குகிறார்கள். பேட்டரியில் எரியும் சிறிய எல்இடி விளக்குச் சரத்தை உள்ளே வைத்தால், துளைகள் வழியே அதே ஒளிக்கோலம் சுவரில் விழும். மேலேயுள்ள நாரைக் கத்தியால் சுரண்டி, முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும் பிறகு மென்மையானதாலும் தேய்த்து, கடைசியாகத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் கரும்பழுப்பு மெருகு ஏறும். தேய்ப்பதற்கு முன்பே துளைகளைப் போட்டுவிடுங்கள். ஓடு பிளந்தாலும் தேய்த்த உழைப்பு வீணாகாது.