குரங்குகளின் இறப்புப் பதிவுகளைத் தர மறுத்தால்

வணக்கம். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இறந்த குரங்குகளின் பதிவுகளைக் கேட்டதாகவும், "உள் ஆவணம், தர இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மத்தியத் தகவல் சுதந்திரச் சட்டம் பொருந்தாது. அந்த மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டத்தைச் சுட்டித்தான் கேட்க வேண்டும். மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட நல்ல வழி, அதே காகிதம் போய்ச்சேரும் இடத்தில் கேட்பது. மத்திய அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சிடம் (NIH) பணம் வாங்கும் நிறுவனம் கடுமையான விதிமீறல் நடந்தால் என்ஐஎச்சில் உள்ள ஆய்வக விலங்கு நல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். அந்தக் கடிதங்களை மத்தியச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 2020இல் ஓரிகன் மாநிலத்தின் குரங்கு ஆய்வு மையம் ஒன்றில் இரண்டு குரங்குகள் உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் கூண்டைக் கழுவும் இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டார்கள், இரண்டும் செத்தன. இதெல்லாம் வெளியே தெரிவதே இப்படிப்பட்ட பதிவுகளால்தான். மக்கள் வரிப்பணத்தில் நடப்பதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆய்வகத்திலிருந்து அமெரிக்க வேளாண் துறைக்கு ஆண்டுதோறும் போகும் அறிக்கையையும் பாருங்கள், கேட்காமலே இணையத்தில் கிடைக்கும். அதில் 'இ' (E) பத்தி முக்கியம்: வலிநிவாரணி கொடுக்காமல் வலிக்கு உள்ளாக்கிய விலங்குகளின் எண்ணிக்கை அது. காரணத்தையும் இணைத்திருக்க வேண்டும்.

அந்த ஆய்வின் மானிய எண்ணை, என்ஐஎச் பணம் தரும் ஆய்வுகளைப் பட்டியலிடும் ரிப்போர்ட்டர் (RePORTER) தளத்தில் எடுத்துக்கொண்டு, கோரிக்கையில் "எல்லா ஆவணங்களும்" என்று எழுதாமல் அந்த எண்ணையும் தேதிகளையும் குறிப்பிடுங்கள். மறுப்புக் கடிதத்தைப் பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள், மேல்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன்.