தொட்டியிலும் குட்டையிலும் குட்டி நீர்வண்டுகள்: கேட்டதற்குப் பதில்கள்

அண்ணா, மொட்டைமாடி அல்லித் தொட்டியில் மிளகு அளவில் வண்டுகள். அடிக்கடி மேலே வந்து பின்பக்கத்தை நீட்டிவிட்டு உள்ளே போகின்றன. ஏன்?

மூச்சு வாங்கத்தான். முதுகு ஓட்டுக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்கும். வால் நுனியில் சின்னக் குமிழி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்தக் குமிழிக்குள் நுழையும், கிட்டத்தட்ட மீனின் செவுள் மாதிரி. ஆனால் நைட்ரஜன் வெளியே கரைந்து குமிழி சுருங்கிக்கொண்டே வரும், அப்புறம் மறுபடி மேலே வரவேண்டியதுதான்.

எங்கள் ஊர்க் குட்டையில் தலையை அல்லவா நீட்டுகிறது?

அது வேறு குடும்பம், ஹைட்ரோஃபிலிடே. உணர்கொம்பால் நீர்ப்பரப்பைக் கிழித்துக் காற்றை உள்ளே இழுக்கும், வயிற்றுப்பக்கம் வெள்ளி பூசினது போல மின்னும். முதலில் கேட்டவருடையது டைடிஸிடே, பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் துடுப்புப் போடும். உங்கள் குட்டையில் இருப்பதோ மாற்றி மாற்றி உதைக்கும். நிறத்தை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள்.

கொசுப்புழுவைத் தின்னுமா? கப்பி மீன் வளர்க்கிறேன், பயமாக இருக்கிறது.

டைடிஸிடே வண்டின் இளம்புழுக்கள் கொசுப்புழுவைத் தின்னும். அரிவாள் போன்ற தாடையைக் குத்தி, செரிமானச் சாற்றை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிடும். வளர்ந்த கப்பிக்கு இந்தக் குட்டி வகைகளால் ஆபத்தில்லை, அன்று பிறந்த குஞ்சுகளைத் தனியாக வையுங்கள்.

தவளை விழுங்கினால் உயிரோடு வெளியே வருமாமே, வாட்ஸப் கதையா?

உண்மைதான்! ரெஜிம்பார்ஷியா அட்டெனுவேட்டா என்று நெல்வயல் நீரில் வாழும் 4, 5 மில்லிமீட்டர் வண்டு. ஜப்பானில் ஷின்ஜி சுகியுரா என்ற ஆய்வாளர் தவளைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2020இல் எழுதினார். 90 சதவீதத்துக்கும் மேல் 6 மணி நேரத்துக்குள் பின்வழியாக உயிரோடு வந்துவிட்டன. கால்களை மெழுகால் ஒட்டிவிட்டவை ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆக தவளை தானாக வெளியேற்றவில்லை, இதுவே குடலுக்குள் நடந்து வந்திருக்கிறது. முதலில் படித்தபோது நானும் நம்பவில்லை.

மூன்றாவது மாடிக்கு எப்படி வந்தது?

பறந்துதான், பெரும்பாலும் இரவில். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துக் குளத்தைக் கண்டுபிடிக்கும். பளபளக்கும் கார் கூரையையும் அப்படியே குளம் என்று நினைத்து இறங்கி ஏமாறும்.

முட்டையிட்டுப் பெருகுமா?

புழு வரை வரலாம். கூட்டுப்புழு ஆவதற்குக் கரையேறி ஈரமண்ணுக்குள் போகவேண்டும், வழுக்கும் பிளாஸ்டிக் சுவரில் எப்படி ஏறும்? விருப்பமிருந்தால் மண் நிரப்பிய சட்டி ஒன்றை விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, ஒரு குச்சியைச் சாய்த்துவிடுங்கள்.