5 ரூபாயில் இரண்டு பக்கமும் சிங்கம்: அசலா, போலியா?

1990-களின் 5 ரூபாய்க் காசு ஒன்றில் இரண்டு பக்கமும் சிங்கம் இருக்கிறது, அசலா என்று கேட்டிருந்தீர்கள். எண் இருக்க வேண்டிய பக்கத்தில் சிங்கமுகம் குழிந்து, இடவலம் மாறித் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்புண்டு. மறுபக்கத்தைப் போலவே புடைத்து, நேராகத் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு காசை அறுத்து ஒட்டிய வேலை. அதை விட்டுவிடுங்கள்.

நாணயச்சாலையில் நேரும் இந்தக் குழிந்த படப் பிழைக்குப் பெயர் புரோக்கேஜ். அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெற்று வில்லை அதன்மேல் மோதி, அந்தப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகக் குழித்து வாங்கிக்கொள்ளும். எண் இருக்க வேண்டிய பக்கம் அச்சையே தொடவில்லை என்பதால் அங்கே "5" இருக்கவே முடியாது.

போலி எப்படி? நல்ல காசின் மேல் இன்னொன்றை வைத்துப் பட்டறை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) நெரிப்பார்கள். ஆகவே பத்து மடங்கு லென்ஸில் குழிந்த பக்கத்தைப் பாருங்கள். பழைய "5", ஆண்டு, எழுத்து இவற்றின் நசுங்கிய மிச்சம் துளி தெரிந்தாலும் போலிதான். சிங்கப் பக்கம் தட்டையாகத் தேய்ந்திருப்பதும் கெட்ட அறிகுறி.

விட்டத்தையும் அளந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன 1990-களின் செம்பு-நிக்கல் காசு 23 மி.மீ., 9 கிராம். நெரித்த காசு சற்று அகன்றிருக்கலாம். எடை சரியாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், வைஸில் எடை குறையாது.

குழிந்த படம் கொஞ்சம் பெரிதாக, மங்கலாக இருந்தால் பயம் வேண்டாம். ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கி விரிந்திருக்கும்.

புளி, பிரஷ் எதுவும் வேண்டாம். தேய்த்த காசுக்கு விலை விழும்.