தேக்கின் வளையங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மரவாடியில் அறுத்துப் போட்டிருந்த தேக்கில் வளையங்களை எண்ணிப் பார்த்தேன். நடுவில் அகலமாக இருந்தவை, பட்டையை நெருங்க நெருங்க நூல் மாதிரி மெலிந்துவிட்டன. பருவநிலை மாற்றம்தானே காரணம்? ஆனால் காற்றில் கரியமிலவாயு கூடினால் மரங்கள் செழிக்கும் என்கிறார்களே? இதைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதே இல்லை?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

மரவாடியில் குனிந்து வளையம் எண்ணுகிற ஒருவர் என் வாசகர் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் எண்ணிய கையோடு தீர்ப்பும் எழுதிவிட்டீர்களே!

மரம் பருக்கப் பருக்க, அதே அளவு கட்டை பெரிய சுற்றளவில் பரவ வேண்டும். மழை குறையாமல் பெய்தாலும் வளையம் மெலியத்தான் செய்யும். ஆய்வாளர்கள் முதலில் இந்த வயதுக் கணக்கைக் கழித்துவிடுவார்கள். அப்புறம், ஒற்றை மரத்தை நம்பவே கூடாது. பக்கத்து மரம் நிழல் கட்டியிருக்கலாம், புழு இலையைத் தின்றிருக்கலாம். பல மரங்களில் ஒரே ஆண்டு வளையம் சேர்ந்து மெலிந்தால்தான் வானத்தைக் குற்றம் சொல்லலாம்.

என் மாமா மரவாடி வைத்திருந்தார். சின்ன வயதில் நானும் எண்ணியவன்தான். அங்கே வரும் ஆசாரி ஒருவர் வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியை மட்டும்தான் பார்ப்பார். ஒருநாள் ஒரே அடிமரத்தில் ஒரு பக்கம் வளையம் அகலமாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் இருப்பதைக் காட்டி, "எந்தப் பக்கத்தடா எண்ணுவே?" என்று கேட்டார். ஆய்வாளர்களும் இதே காரணத்தால் ஒரு மரத்தில் இரண்டு பக்கமாவது துளைத்து, பென்சில் தடிமனில் குச்சி எடுக்கிறார்கள். மரத்தை வெட்டுவதில்லை.

கோடையில் இலை உதிர்த்து, மழைக்குத் துளிர்ப்பதால் தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாக விழும். கேரளத் தேக்குகளை வைத்து 523 ஆண்டு வளையத் தொடர் ஒன்றைப் புனே ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள். எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வறட்சியும் சேர்ந்து வந்த ஆண்டுகளில் வளையம் மெலிந்திருக்கிறது.

சரி, கரியமிலவாயு. இதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் யாரோ அனுப்பியிருப்பார்கள். கரியமிலவாயு மரத்துக்கு உணவு, உண்மைதான். உணவு கூடினால் வளர்ச்சி கூட வேண்டாமா? பொலிவியா, கேமரூன், தாய்லாந்து மூன்று நாடுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களின் வளையங்களில் இதைத்தான் தேடினார்கள். 2015இல் முடிவு வந்தது. 150 ஆண்டுகளில் மரங்கள் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றிருந்தன. கட்டையில் உள்ள கார்பன் வகைகளின் விகிதம் அதைக் காட்டியது. ஆனால் வளையம் தடிக்கவில்லை. மிச்சம் பிடித்த தண்ணீர் வளர்ச்சியாக மாறவே இல்லை. வெப்பமோ, மண்ணில் சத்துப் பற்றாக்குறையோ, ஏதோ ஒன்று கையைப் பிடித்து இழுக்கிறது. "நாம் புகை விடுவோம், காடு வாங்கிக்கொள்ளும்" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு மரம் எந்த வாக்குறுதியும் தரவில்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியை நீங்கள் இன்னும் யாருக்கும் அனுப்பாமல் இருந்தால் நல்லது.

நான் எழுதுவதில்லை என்கிறீர்கள். எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள்.

அடுத்த முறை போகும்போது, அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று மரவாடிக்காரரிடம் கேளுங்கள். இப்போது ஆப்பிரிக்கத் தேக்குத் தோட்டங்களிலிருந்தெல்லாம் கப்பலில் வருகிறது. அப்படி வந்திருந்தால், நீங்கள் அவ்வளவு நேரம் குனிந்து எண்ணியது கானாவின் மழையை.