ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் ‘நூற்றாண்டு’க்கு ஒரே சொல்தானா?

ஸ்பானிஷ் ‘சிக்லோ’, பிரெஞ்சு ‘சியேக்ல்’, இத்தாலியன் ‘செக்கோலோ’ மூன்றும் ஒரே வேரா, அதில் ‘நூறு’ எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வேர்தான். ஆனால் அதில் நூறே கிடையாது.

மூலம் லத்தீன் ‘சைக்குலும்’. ஒரு தலைமுறை, ஒரு மனிதனின் நீண்ட ஆயுள் என்பதே அதன் பொருள். அளவுகூட நிலையாக இல்லை. ஒரு சைக்குலும் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் கொண்டாடும் ‘சைக்குல’ விழாவை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 17-இல் நடத்தியபோது 110 ஆண்டுக் கணக்கு, பின்வந்த பேரரசர் கிளாடியஸ் கி.பி. 47-இல் நடத்தியபோது 100 ஆண்டுக் கணக்கு. ஸ்பெயினின் ‘சிக்லோ தெ ஓரோ’, அதாவது பொற்காலம், நூறு ஆண்டுக்குள் அடங்காததும் இதனால்தான். அங்கே சிக்லோ என்றால் யுகம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் ஒலி வரலாறு. கண்ணுக்கு லத்தீனில் ‘ஓக்குலுஸ்’. மக்கள் வாயில் தேய்ந்து ஸ்பானிஷில் ‘ஓஹோ’, இத்தாலியனில் ‘ஓக்கியோ’ ஆனது. அதே விதிப்படி சைக்குலும் ஸ்பானிஷில் ‘செஹோ’, இத்தாலியனில் ‘செக்கியோ’ என்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம் தேவாலயம். ‘என்றென்றைக்கும்’ என்று முடியும் லத்தீன் ஜெபத்தில் இந்தச் சொல் அன்றாடம் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் முழுதாகத் தேயவில்லை. கிறிஸ்தவ லத்தீனில் அதற்கு ‘இவ்வுலகம்’ என்ற பொருளும் உண்டு. நாம் சொல்லும் ‘செக்குலர்’ அந்தக் கிளை. லத்தீனிலிருந்தே பிறந்த ருமேனிய மொழியில் நூற்றாண்டைக் குறிக்கும் ‘செக்கோல்’ பிற்காலக் கடன். அதற்கு முன்பிருந்தே அதே பொருளில் உள்ள ‘வியாக்’ ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தது.

எழுதும்போது மூன்றிலும் ரோமன் எண்தான். வாசிப்பதில்தான் தவறு வரும். பிரெஞ்சில் எப்போதும் ‘21-ஆம்’ என்ற வகை, எண் முன்னால். ஸ்பானிஷில் எண் பின்னால் வரும். பத்துக்குள் ‘ஐந்தாம்’ என்பதுபோல வாசிக்கலாம், பதினொன்றிலிருந்து வெறும் எண்: ‘சிக்லோ இருபத்தொன்று’.

இத்தாலியனில் இன்னொரு வழக்கும் உண்டு. ‘குவாத்ரோசெந்தோ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘நானூறு’. முன்னால் உள்ள ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். ஆக அது 1400-கள், அதாவது 15-ஆம் நூற்றாண்டு. நான்கு என்று கேட்டதும் 14-ஆம் நூற்றாண்டு என்று மொழிபெயர்த்தால் ஓவியர் பொத்திச்செல்லி பிறப்பதற்கு முந்தைய காலத்துக்குப் போய்விடுவார். அவர் இறந்தது 1510-இல். ‘நோவெசெந்தோ’, அதாவது ‘தொள்ளாயிரம்’, 20-ஆம் நூற்றாண்டு. நான்கு, ஒன்பது என்று கேட்ட எண்ணோடு பதினொன்றைக் கூட்டுங்கள், சரியாக வரும். இந்த வழக்கு சுமார் 1200-க்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் ‘செக்கோலோ’ போட்டே எழுதுங்கள்.