ஹாரிஸ் கவுண்டி கைதுப் பதிவு: எங்கே பார்ப்பது?

உங்கள் வருங்கால மாப்பிள்ளை ஹாரிஸ் கவுண்டியில் (அமெரிக்காவின் டெக்சஸில், ஹூஸ்டன் நகரம் இருக்கும் மாவட்டம்) கைதானதாக ஏதோ கட்டணத் தளம் சொல்கிறது என்று பதறியிருக்கிறீர்கள். அந்தத் தளத்துக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். ஷெரிஃப் அலுவலகத் தேடல், தற்போது சிறையில் இருப்பவர்களுக்கானது. பழைய வழக்குக்கு, நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் டிஸ்டிரிக்ட் கிளார்க் அலுவலகத்தின் இணையதளம்தான். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, பிறந்த தேதியும் பொருந்த வேண்டும். நம் பெயர்களை அங்கே முன்பின்னாக மாற்றிப் பதிவதும் உண்டு, இரு வகையிலும் தேடுங்கள்.

பிறகு ‘டிஸ்பொசிஷன்’ (வழக்கு என்ன ஆனது) என்ற இடத்தைப் பாருங்கள். ‘டிஸ்மிஸ்டு’ என்றால் வழக்கு தள்ளுபடி. ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ என்றால், குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமல் நீதிபதி கண்காணிப்பில் வைத்திருக்கிறார். நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கு தள்ளுபடியாகும். எதுவானாலும், அவரிடமே நேரில் கேட்டுவிடுங்கள்.