அம்மாவின் தட்டு ஏன் அறைக்குள் போனது?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. வாயில் உள்ள நுண்ணுயிர்கள் இதயம், மூளை, சீனி எல்லாவற்றையும் பாதிக்கின்றன என்று இப்போது நிறைய வாசிக்கிறேன். எச்சிலை அனுப்பிப் பரிசோதிக்கும் கிட் ஒன்றும் நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரைகளும் அனுப்புவதாகக் கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். வாங்கலாமா? அம்மாவின் வாய் மணப்பதால் தினமும் மூன்று தரம் மவுத்வாஷ் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று சாப்பாட்டையும் அவரது அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முரசில் இரத்தம் வருகிறது, வயது போனால் அப்படித்தானே. மேல் பல்செட்டை அவர் இரவிலும் கழற்றுவதில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, கிட் வேண்டாம். மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் எது எவ்வளவு இருந்தால் நல்ல வாய் என்பதற்கு வைத்தியர்கள் ஒத்துக்கொண்ட அளவுகோல் இன்னும் இல்லை. வரும் அறிக்கையை வைத்து யாரும் உங்கள் அம்மாவுக்கு மருந்து எழுத முடியாது. புரோபயாட்டிக் மாத்திரையும் பல் துலக்குவதற்குப் பதிலாகாது.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சாப்பாட்டை அறைக்கே கொடுக்கிறீர்கள். எவ்வளவு காலமாக? அவரிடம் காரணம் சொன்னீர்களா, அல்லது தட்டு அறைக்கு வருவதைப் பார்த்து அவரே விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டீர்களா? உங்களுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர் பேரப்பிள்ளைகளின் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டபடி தனியே சாப்பிடுகிறார். ஒரு வீட்டில் பெரியவரைத் தனியே சாப்பிட வைப்பது தண்டனை. அதைச் சுகாதாரம் என்று சொல்லி நான் ஏற்கமாட்டேன்.

தொற்று என்ற காரணமும் நிற்காது. ஒரே வீட்டில் இருப்பவர்களின் வாய் நுண்ணுயிர்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியவைதான். பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பெரும்பாலும் தாயின் எச்சில் வழியேதான் குழந்தைக்குப் போகிறது. அதாவது, உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அநேகமாக நீங்கள். கரண்டியையும் கோப்பையையும் வேறாக வையுங்கள், போதும். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதால் யாருக்கும் முரசு நோய் வராது.

முரசில் இரத்தம் வருவது வயதால் அல்ல. அது அழற்சி. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளிகளை 1970 முதல் 1985 வரை ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு தொடர்ந்து பார்த்தது. தொடங்கும்போது அவர்களின் வயது 14 முதல் 31 வரை. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது, அவர்களில் 40 வயதுக்கு முன்பே பல் இழந்தவர்கள் உண்டு. நூற்றுக்கு 81 பேருக்கு மெதுவாகக் கூடியது. 11 பேருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவில்லை. உலகமெங்கும் பல் வைத்தியம் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் ஆய்வு இது. அந்த மனிதர்களுக்குக் கவனிப்புக் கிடைக்கவில்லை. உங்கள் அம்மா கொழும்பில் இருக்கிறார், அவருக்கு என்ன குறை?

சீனி ஏறினால் முரசு கெடும். முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினம். முரசுக்கு முறையாக வைத்தியம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில், கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி இறங்கியதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மூளையைப் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் முரசு நோய்க் கிருமி இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அதை வைத்துச் செய்த மருந்துச் சோதனை மறதியைத் தடுக்கவில்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

மவுத்வாஷ் மூன்று தரம் எதற்கு? நாக்கில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் கீரையில் உள்ள நைட்ரேட்டை மாற்றி, இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாக உதவுகின்றன. கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை ஒரு கிழமை பாவித்தவர்களுக்குப் பிரஷர் சற்று ஏறியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பல் வைத்தியர் சொல்லாவிட்டால் நிறுத்துங்கள். பிரஷர் மருந்துகள் சிலருக்கு வாயை உலரவைக்கும், அதனாலும் வாய் மணக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பல்செட். இரவும் பகலும் வாயிலேயே இருந்தால் அதன் அடியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் படியும். அவை நுரையீரலுக்குள் இறங்கினால் நியூமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. சாப்பாட்டுக்குப் பிறகு தாதியர் வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 பேருக்கும் இரண்டு வருடங்களில் நியூமோனியா வந்தது. முக்கியமாகப் பாவித்தது பிரஷ்தான்.

எனவே இன்றிரவே நீங்கள் அம்மாவின் பக்கத்தில் இருந்து பல்செட்டைக் கழற்றுங்கள். சவர்க்காரமும் மென்மையான பிரஷும் போட்டுக் கழுவி, சாதாரண தண்ணீரில் ஊறவையுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். மிச்சப் பற்களையும் நாக்கையும் வடிவாகத் துலக்கிவிடுங்கள். வேலைக்கு வரும் பிள்ளையிடம் இதை விடாதீர்கள், இது மகளின் வேலை. இந்தக் கிழமைக்குள் வாட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அரசாங்க ஆசுபத்திரிதான். முரசோடு, நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலை பாக்குப் போடுகிறவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய், பாக்குப் போடும் பெண்களையும் அது விடுவதில்லை.

நாளைப் பகல் அம்மாவின் தட்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள். வைத்தியசாலைக்குப் போய்வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தம்பியிடம், கிட்டுக்கான காசை வைத்துக்கொள், வைத்தியர் புதுப் பல்செட் வேண்டும் என்று சொன்னால் அதற்கு அனுப்பு என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மாவோடும் பேசட்டும்.